வெளியூர் போறப்போ லேப்டாப்புக்கு நெட்: டாங்கிளா, ஹாட்ஸ்பாட்டா, போனே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சிக்காரன். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்து சர்வீஸ் பண்றதுதான் பொழப்பு, மாசத்துல பாதி நாள் பஸ்லயும் ரயில்லயும் லாட்ஜ் ரூம்லயும்தான் ஓடுது. கையில லேப்டாப்போட சுத்துறவன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்கள்லேர்ந்து கடை முதலாளிங்க வரைக்கும் கேக்குறது ஒரே கேள்விதான், "நெட்டுக்கு எது வாங்கலாம்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை வத்திப் போச்சு, அதான் மொத்தமா இங்க.

அண்ணே, போன்லயே ஹாட்ஸ்பாட் இருக்கே, தனியா ஒரு டப்பா எதுக்கு?

பாதிப் பேருக்கு வேண்டாம், நெஜமாத்தான் சொல்றேன். மாசத்துக்கு ரெண்டு நாள் வெளியூர், போனதும் நாலு மெயில், ஒரு எக்சல் ஷீட், அவ்வளவுதான்னா போன் தாராளமா போதும். ஒரு நல்ல டேட்டா கேபிள் மட்டும் வாங்கிக்குங்க, வைஃபை ஹாட்ஸ்பாட் போடாம யூஎஸ்பி டெதரிங் போடுங்க, அதாவது போனை கேபிள்ல லேப்டாப்போட கோத்து நெட் குடுக்குறது. போன் சார்ஜும் ஏறும், சூடும் கம்மி, லாட்ஜ்ல இருக்குற இருபது வைஃபையோட சண்டை போடவும் வேண்டாம்.

தனி டப்பா எப்போ தேவைன்னா, ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரம் ஆன்லைன்லயே உக்காரணும். போனை அத்தனை நேரம் ஹாட்ஸ்பாட்ல போட்டா தோசைக்கல்லு மாதிரி ஆயிடும், பேட்டரியும் சீக்கிரம் செத்துரும். ரெண்டாவது, போனை எடுத்துக்கிட்டு வெளிய போய் பேசணும்னா லேப்டாப்ல நெட் கட்டாயிடும், கஸ்டமர் மெஷின்ல டேட்டா ரீஸ்டோர் ஓடிட்டு இருக்கறப்போ வீட்லேர்ந்து போன் வந்து நான் பழக்கதோஷத்துல போனை தூக்கிட்டு வெராண்டாவுக்கு போனது ஒரு தடவை நடந்துச்சு, அன்னிக்கு ராத்திரி முழுக்க திரும்ப முதல்லேர்ந்து. மூணாவது, போன்ல இருக்குற கம்பெனிக்கு டவர் இல்லாத ஊர்ல இன்னொரு கம்பெனி சிம் வேணும். என்னைக் கேட்டா இந்த மூணாவதுதான் உண்மையான காரணம், மத்ததெல்லாம் சௌகரியம்.

கடையில டாங்கிள்ங்கிறாங்க, ஹாட்ஸ்பாட்ங்கிறாங்க, எது எது?

டாங்கிள்ங்கிறது பென்டிரைவ் மாதிரி யூஎஸ்பில சொருகுறது, நம்ம ஆளுங்க நெட்செட்டர், டேட்டா கார்டுன்னு சொன்னது இதைத்தான். பேட்டரி கிடையாது, கரண்ட் லேப்டாப்லேர்ந்துதான். ஹாட்ஸ்பாட்ங்கிறது சோப்பு டப்பா சைஸ்ல பேட்டரியோட வர்றது, ஜியோஃபை, டிபி-லிங்க் எம்7200 எல்லாம் இந்த ஜாதி. நடுவுல ஒண்ணு இருக்கு, டாங்கிள் மாதிரியே இருக்கும் ஆனா வைஃபையும் விடும், கார்ல இருக்குற யூஎஸ்பி இல்லன்னா பவர்பேங்க்ல சொருகினாகூட வேலை செய்யும்.

நாலாவதா லேப்டாப்புக்கு உள்ளயே சிம் போடுற மாடல். திங்க்பேட் மாதிரி ஆபீஸ் லேப்டாப்ல சிலதுல வரும். இதுல ஒரு விஷயம், சிம் ஸ்லாட் ஓட்டை இருக்கேன்னு நம்பி உள்ள போடுற 4ஜி கார்டை தனியா வாங்கிடாதீங்க. உள்ள ஆன்டெனா ஒயர் இழுத்திருக்கணும், சில கம்பெனி தாங்க ஒத்துக்குற கார்டைத் தவிர வேற போட்டா ஆன் ஆகுறப்பவே தகராறு பண்ணும். வாங்குறப்பவே கம்பெனியில போட்டு வந்தா அது மாதிரி சொகம் வேற இல்ல, பின்னாடி போட்டுக்கலாம்னா தலைவலி.

ஒத்த ஆள் ஒத்த லேப்டாப்னா டாங்கிள். குடும்பத்தோட போறீங்க, பையன் டேப்லெட், வீட்டம்மா போன் எல்லாம் ஒட்டணும்னா ஹாட்ஸ்பாட்.

டப்பா மேல 150 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கு, 300 போட்டது விலை கூட. எது நல்லது?

இங்கதான் எல்லாரும் ஏமாறுறது. 150ங்கிறது கேட் 4, 300ங்கிறது கேட் 6, கேட்னா கேட்டகரி, டப்பாவோட 4ஜி தரம், ரெண்டுமே லேப்ல கிடைக்கிற ஸ்பீடு. நீங்க சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்ல ராத்திரி ஒம்பது மணிக்கு உக்காந்தா 150ம் வராது 300ம் வராது. கேட் 6ல ஒரே நேரத்துல ரெண்டு பேண்ட்ல சேத்து இழுக்கலாம், கூட்டமான ஊர்ல அது கொஞ்சம் உதவும், ஒத்துக்குறேன். ஆனா முதல்ல பாக்க வேண்டியது ஸ்பீடு இல்ல, பேண்ட்.

பேண்ட்னா என்னன்னா, ஒவ்வொரு கம்பெனியும் எந்தெந்த அலைவரிசையில 4ஜி விடுதோ அதுக்கு ஒரு நம்பர். ஜியோ விடுறது 3, 5, 40. ஏர்டெல் 1, 3, 8, 40. வீஐ கிட்டத்தட்ட அதே 1, 3, 8தான், சில மாநிலத்துல 40, 41ம் இருக்கும். பிஎஸ்என்எல்லோட புது 4ஜி 28லயும் 1லயும். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், இது மோட்டா கணக்கு.

இதுல 5ங்கிறது 850 மெகாஹெர்ட்ஸ், 8ங்கிறது 900, 28ங்கிறது 700. இதெல்லாம் தாழ்ந்த அலைவரிசை, ரொம்ப தூரம் போகும், சுவத்துக்குள்ள நுழையும், ஸ்பீடு சுமாரா இருக்கும். 40ங்கிறது 2300, ஸ்பீடு பறக்கும் ஆனா ரெண்டு தெரு தாண்டினா மூச்சு வாங்கும். டவுன்ல எல்லா பேண்டும் இருக்கும், எந்த டப்பா வாங்கினாலும் ஓடும், அதனால கடைக்காரர் கடையிலயே போட்டுக் காட்டுறப்போ சூப்பரா இருக்கும். கிராமத்துக்கு போனா டவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அங்கேர்ந்து வந்து சேர்றது அந்த தாழ்ந்த பேண்ட் மட்டும்தான், உங்க டப்பாவுல அது இல்லன்னா போன்ல மூணு கோடு டவர் காட்டும், டப்பாவுல சிகப்பு லைட்டு எரியும், நீங்க டப்பா ரிப்பேர்னு நினைச்சு அடிச்சு அடிச்சு பாத்துட்டு இருப்பீங்க.

நான் பாத்திருக்கேன், அதான் இவ்வளவு நீளமா சொல்றேன். ஆன்லைன்ல ஆஃபர்ல ஒரு டாங்கிள் வாங்கினேன், வெளிநாட்டு சந்தைக்குன்னு செஞ்ச சரக்கு. திருச்சியில பிச்சு உதறுச்சு. கமுதி பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு போனேன், அங்க வந்தது 850 மட்டும், டாங்கிள்ல அந்த பேண்டே கிடையாது. மில் முதலாளி பையன் ஏழாயிரம் ரூபா போனை நீட்டி "இதுல வருதுண்ணே"ங்கிறான். மானம் போச்சு.

அப்போ எந்த மாடல்னு சொல்லுங்க, அதையே வாங்கிக்கிறேன்.

மாடல் பேரு மட்டும் போதாது, வால்ல இருக்குற நம்பரும் வேணும். ஒரு உதாரணம், ஹுவாவே இ3372ங்கிறது உலகம் பூரா வித்த டாங்கிள். அதுல 153னு முடியுறதுல 1, 3, 7, 8, 20 இருக்கும், ஐரோப்பாவுக்கான பட்டியல் அது, 40 கிடையாது. 607னு முடியுறதுல 20க்கு பதிலா 28ம், கூடவே 40ம் இருக்கும், நம்ம ஊருக்கு அதுதான் பரவாயில்ல. ரெண்டும் பாக்க ஒரே வெள்ளை டாங்கிள், விளம்பரத்துல ஒரே போட்டோ. ரெண்டுலயுமே 5 இல்லங்கிறதையும் கவனிங்க, அதனால ஜியோ சிம் போட்டு கிராமம் கிராமமா சுத்துறவங்களுக்கு ரெண்டுமே சரிப்படாது.

விக்கிறவர்கிட்ட "எல்லா சிம்மும் சப்போர்ட் பண்ணுமா"ன்னு கேக்காதீங்க, யாரைக் கேட்டாலும் ஆமான்னுதான் வரும். "பின்னாடி ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு கேளுங்க. முழு நம்பரை வச்சு பேண்ட் பட்டியலைத் தேடுங்க. 3, 5, 8, 40 நாலும் இருந்தா இந்தியாவுல கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், 1ம் 28ம் இருந்தா பிஎஸ்என்எல்லும் சேந்துக்கும்.

ஜியோஃபை செகண்ட்ஹேண்ட்ல மலிவா கிடைக்குது, அதுல வேற சிம் போடலாமா?

போட முடியாது, அது ஜியோ சிம்முக்குன்னே லாக் பண்ணி வர்றது. கம்பெனி பேர் போட்டு விக்கிற டப்பா எல்லாமே பெரும்பாலும் அப்படித்தான், அதனாலதான் மலிவு. உங்க வழித்தடத்துல அந்த ஒரு கம்பெனி நல்லா வரும்னு தெரிஞ்சா தாராளமா வாங்குங்க, காசுக்கு நல்ல பொருள்தான். ரெண்டு கம்பெனி சிம் மாத்தி மாத்தி போடணும்னா லாக் இல்லாததுதான்.

பஜார்ல "அன்லாக் பண்ணித் தரேன்"ங்கிற கடைங்க இருக்கு. லாக்கை எடுக்கறது ஒரு பக்கம், சில பேர் ஐஎம்இஐங்கிற கருவியோட அடையாள நம்பரையே மாத்தி எழுதிடுறாங்க, அது சட்டப்படி குற்றம், பொருள் உங்க கையில இருக்குறப்போ பதில் சொல்ல வேண்டியதும் நீங்க. ஸ்டிக்கர்ல இருக்குற ஐஎம்இஐயும் செட்டிங்ஸ் பக்கத்துல காட்டுற ஐஎம்இஐயும் ஒண்ணான்னு பாருங்க, இல்லன்னா நடையைக் கட்டுங்க.

எந்த சிம் பெஸ்ட்?

பெஸ்ட்னு ஒண்ணு கிடையாது, நீங்க போற ஊருக்கு எதுங்கிறதுதான். எனக்கு தெரிஞ்ச ஒரே விதி, போன்ல எந்த கம்பெனியோ டப்பாவுல அது இருக்கக் கூடாது. போன் ஜியோன்னா டப்பா ஏர்டெல், போன் ஏர்டெல்னா டப்பா ஜியோ இல்லன்னா பிஎஸ்என்எல். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தூக்கும். ரெண்டுலயும் ஒரே சிம் வச்சுக்கிட்டு "எங்கயுமே வரமாட்டேங்குது"ன்னு புலம்புற ஆளுங்களை நிறைய பாத்துட்டேன்.

பிஎஸ்என்எல்லை சிரிச்சு ஒதுக்காதீங்க. 2025 செப்டம்பர்ல உள்நாட்டு தொழில்நுட்பத்துல 4ஜியை முறையா தொடங்கி வச்சாங்க, மலைப் பக்கமும் குக்கிராமமும் சுத்துறவங்களுக்கு அது ஒரு ஸ்பேர் டயர் மாதிரி.

போற வழியை முன்னாடியே பாக்கணும்னா கம்பெனிங்க தங்களோட சைட்லயே கவரேஜ் மேப் போட்டிருக்காங்க. ஆனா மேப்ல பச்சை தெரிஞ்சாலும் நீங்க தங்குறது ரோட்டு மேலயா, கல்கட்டடத்துக்குள்ள மூணாவது ரூம்லயாங்கிறது அதுக்கு தெரியாது. நான் பண்றது, லாட்ஜுக்கு போன் போட்டு ரூம் கேக்குறப்பவே "உங்க போன்ல எந்த சிம், ரூமுக்குள்ள வாட்ஸ்அப் கால் பேச முடியுதா"ன்னு கேட்டுருவேன். ரிசப்ஷன் தம்பிங்க பொய் சொல்றதில்ல.

5ஜி டப்பா வாங்கலாமா?

இப்போதைக்கு அவசரம் இல்லங்கிறதுதான் என் அபிப்ராயம். இந்தியாவுல 5ஜி 2022 அக்டோபர்ல வந்துச்சு, டவுன்ல நல்லா இருக்கு, ஆனா பாக்கெட்ல வச்சுக்கிற 5ஜி ஹாட்ஸ்பாட் இன்னும் விலை ஜாஸ்தி. அந்த காசுக்கு ஒரு நடுத்தர 5ஜி போனே வந்துரும், அதை டப்பா மாதிரி பைக்குள்ள போட்டு வச்சுக்கலாம், நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க, புத்திசாலித்தனம்.

வாங்கியே தீருவேன்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஜியோவோட 5ஜி தனியா நிக்கிற வகை, அதாவது 4ஜி துணை இல்லாம ஓடுறது, அதனால டப்பாவுல எஸ்ஏன்னு சொல்ற ஸ்டான்ட்அலோன் சப்போர்ட் இருக்கணும், பேண்ட் என்28, என்78. ரெண்டாவது, "அன்லிமிடெட் 5ஜி"ன்னு விளம்பரம் வர்ற பேக் எல்லாம் போனுக்குன்னு சொல்லித்தான் குடுக்குறாங்க, டப்பாவுல போட்டா அந்த சலுகை செல்லுமான்னு கம்பெனி ஸ்டோர்ல கேட்டுட்டு காசை எடுங்க.

வீட்ல ஏர்ஃபைபர் (ஒயர் இல்லாம டவர்லேர்ந்து வர்ற வீட்டு நெட்) இருக்கு சார், அந்த பாக்ஸையே கூட எடுத்துட்டு போயிட்டா?

வேண்டாம். அது நீங்க குடுத்த அட்ரஸுக்கு குடுத்த கனெக்‌ஷன்.

லாட்ஜ் ரூம்ல ஒத்தக் கோடு டவர்தான் வருது. என்ன பண்றது?

கோட்டை பாக்காதீங்க, அது ஒவ்வொரு டப்பாவுலயும் ஒவ்வொரு மாதிரி பொய் சொல்லும். செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போங்க. நிறைய ஹுவாவே டாங்கிளுக்கு பிரவுசர்ல 192.168.8.1, ஜியோஃபைக்கு 192.168.225.1, மத்ததுக்கு பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கும். அதுல ஆர்எஸ்ஆர்பின்னு மைனஸ்ல ஒரு நம்பர் இருக்கும், அதுதான் சிக்னல் பலம். மைனஸ் 80, 90ன்னா ராஜா. 100 தாண்டினா சுமார். 110 தாண்டினா வீடியோ காலை மறந்துடுங்க. 120ன்னா இருக்குன்னு பேருக்கு இருக்கு.

வால்பாறையில ஒரு லாட்ஜ், மேஜை மேல லேப்டாப்ல சொருகி வச்சா மைனஸ் 113. ஒரு ஃபைல் அப்லோட் போட்டா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பையில எப்பவும் ஒரு ரெண்டு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் கிடக்கும், அதை மாட்டி டாங்கிளை ஜன்னல் கிட்ட கொண்டு போனேன், 106. ஜன்னல் கதவைத் திறந்து கம்பிக்கு வெளிய நீட்டினேன், 101. காயப்போட்டிருந்த துண்டுலேர்ந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து, கம்பியோட மேல் மூலையில டாங்கிளை நட்டமா நிக்கிற மாதிரி கவ்வ விட்டேன், 98. அங்கேயே நின்னுருச்சு. 113க்கும் 98க்கும் நடுவுல வெறும் 15தான்னு தோணும், ஆனா இந்த கணக்கு வேற, 15ன்னா சிக்னல் 30 மடங்குக்கு மேல பலமாயிருக்குன்னு அர்த்தம். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சு கட்டையைச் சாச்சுட்டேன். மழை வந்தா மட்டும் உள்ள எடுத்துருங்க.

கேபிள் ரெண்டு மீட்டருக்கு மேல வேண்டாம், மலிவு கேபிள்ல நீளம் கூடினா கரண்ட் பத்தாம டாங்கிள் அணைஞ்சு அணைஞ்சு எரியும். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் குடுக்குறதே 500 மில்லிஆம்ப்தான், டவர் தூரமா இருந்தா டாங்கிள் கத்திப் பேசணும், அப்போதான் கரண்ட் ஜாஸ்தி குடிக்கும்.

ஹாட்ஸ்பாட் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் சுலபம், டப்பாவை ஜன்னல்ல வச்சுட்டு நீங்க கட்டில்ல படுத்துக்கலாம். நான் டாங்கிள் ஆளா இருந்துட்டு ஹாட்ஸ்பாட்டைப் பாத்து பொறாமைப்படுறது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். டிஎஸ்-9, சிஆர்சி-9ன்னு வெளி ஆன்டெனா மாட்டுற ஓட்டை சில டப்பாவுல உண்டு, மாசக்கணக்குல ஒரே இடத்துல தங்குறவங்களுக்கு சரி, நாளுக்கொரு ஊர்னு போறவங்களுக்கு அது சுமை.

ரயில்ல வேலை செய்யுமா?

செய்யும், நம்பி மீட்டிங் போடாதீங்க. இரும்புப் பெட்டி, ஏசி கோச்ல மூடின கண்ணாடி, அதுக்கு மேல நிமிஷத்துக்கு ஒரு டவர் மாறிக்கிட்டே இருக்கணும். விருத்தாசலம் தாண்டி அரியலூர் வர்ற வரைக்கும் நான் கட்டாகாம பேசி முடிச்சதா ஞாபகமே இல்ல. செங்கோட்டை புனலூர் மலைப்பாதையில குகைக்குள்ள போனா சொல்லவே வேண்டாம். ரயில்ல ஆஃப்லைன்ல டைப் பண்ற வேலையை வச்சுக்குங்க, ஸ்டேஷன்ல நிக்கிறப்போ அனுப்புங்க. பெரிய ஸ்டேஷன் எல்லாத்துலயும் ரயில்வேயோட கம்பெனியான ரயில்டெல் வைஃபை இருக்கு, ஒரு நாளைக்கு முதல் அரை மணி நேரம் ஃப்ரீ, நம்பருக்கு ஓடிபி வரும் அவ்வளவுதான். பேங்க் வேலை மட்டும் அதுல பண்ணாதீங்க.

ஜன்னல் சீட்டு கம்பியில டாங்கிளை தொங்கவிடலாமான்னு ஒருத்தர் கேட்டார். தொங்கவிடலாம், அடுத்த ஸ்டேஷன்ல யாராவது பிடுங்கிட்டு போவாங்க.

ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் போட்டேன், காலையில பத்து மணிக்கே தீந்துருச்சு. டாங்கிள் திருடுதா?

திருடுறது விண்டோஸ். போன் ஹாட்ஸ்பாட்ல சேந்தா சில நேரம் அதுவா புரிஞ்சுக்கும், டாங்கிளை சொருகினா லேப்டாப் அதை வீட்டு பிராட்பேண்ட் ஒயர்னு நினைச்சுக்கும். உடனே அப்டேட்டை இறக்கும், ஒன்டிரைவ் போட்டோ எல்லாத்தையும் மேல ஏத்தும், சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு குடிக்கும். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் போங்க, டாங்கிள் அங்க ஈதர்நெட்னு தெரியும், அதை கிளிக் பண்ணி "மீட்டர்ட் கனெக்‌ஷன்"ங்கிறதை ஆன் பண்ணுங்க, டேட்டா அளவாத்தான் இருக்கு, வீணாக்காதேன்னு விண்டோஸுக்கு சொல்றது அது. டாங்கிள் வாங்கின அன்னிக்கே பண்ண வேண்டிய முதல் வேலை இதுதான். ஆப்பிள் மேக்ல வைஃபைக்கு லோ டேட்டா மோட் இருக்கு.

அதுக்கு அப்புறமும் வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி சாப்பிடும், ஆள் கூடினா இன்னும் மேல. உங்க மூஞ்சியை அணைச்சு வச்சா பாதி மிச்சம். தினசரி லிமிட் பேக்கை விட மொத்தமா குடுக்குற டேட்டா பேக் டப்பாவுக்கு நல்லது, ஏன்னா வெளியூர் வேலைங்கிறது ஒரு நாள் ஒண்ணுமே இருக்காது, அடுத்த நாள் அஞ்சு ஜிபி பிடிக்கும்.

சொருகினா சிடி டிரைவ்னு காட்டுது, நெட் வரல.

பழைய பாணி டாங்கிள் அப்படித்தான், முதல்ல சிடி வேஷம் போட்டு டிரைவர் இன்ஸ்டால் பண்ணச் சொல்லும், அதுக்கப்புறம்தான் மோடமா மாறும். விண்டோஸ்ல அதை டபுள்கிளிக் பண்ணி முடிச்சா சரியாயிடும், லினக்ஸ்ல யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, உபுண்டுல பெரும்பாலும் அதுவே பாத்துக்கும். மேக்காரங்க கவனமா இருங்க, ஆண்ட்ராய்டு போனோட யூஎஸ்பி டெதரிங்கே நிறைய போன்ல மேக்ல வேலை செய்யாது, டாங்கிள்லயும் பழைய டிரைவர் புது மேக்ல ஏறாது. மேக்புக்கும் கையுமா இருக்கறவங்க டாங்கிள் பக்கமே போகாம வைஃபை ஹாட்ஸ்பாட் வாங்கிட்டா நிம்மதி. புது லேப்டாப்ல டைப்-சி ஓட்டை மட்டும்தான்னா ஒரு கன்வெர்ட்டரும் சேத்து வாங்குங்க, ஊருக்குப் போய் இறங்கினப்புறம் ஞாபகம் வரும்.

எல்லாம் சரி, டவரும் இருக்கு, நெட் மட்டும் இல்லன்னா ஏபிஎன் பாருங்க, அதாவது செட்டிங்ஸ்ல இருக்குற, கம்பெனியோட நெட்டுக்குள்ள போற வாசல் பேரு. ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் பிசகாம, எல்லாம் சின்ன எழுத்துல போடுங்க.

டப்பாவுக்குள்ள போன சிம்முக்கு ஓடிபி வந்தா?

நல்ல கேள்வி, யாரும் வாங்குறதுக்கு முன்னாடி கேக்குறதில்ல. நிறைய டாங்கிள்ல அந்த செட்டிங்ஸ் பக்கத்துலயே எஸ்எம்எஸ்னு ஒரு பகுதி இருக்கும், அதுல வந்து விழும். ஆனா பேங்குக்கும் ஆதாருக்கும் குடுத்த நம்பரை டப்பாவுக்குள்ள போடாதீங்க, போடவே போடாதீங்க. டப்பா தொலைஞ்சா பூட்டு கூட இல்லாத ஒரு பொருளோட உங்க பேங்க் நம்பர் போகுது. டேட்டாவுக்குன்னே தனி சிம் எடுங்க, ஒரு ஆள் பேர்ல 9 வரைக்கும் எடுக்கலாம். ரீசார்ஜ் பண்ணாம மாசக்கணக்குல டிராயர்ல போட்டு வச்சா நம்பர் போயிடும், அதையும் பாத்துக்குங்க.

சிம் சைஸ் பாருங்க. பழைய டப்பாவுல பெரிய ஸ்லாட், நம்ம கையில நானோ. அடாப்டர் இல்லாம தள்ளினா உள்ள மாட்டிக்கிட்டு, ஊக்கை வச்சு நோண்டி, பின் வளைஞ்சு, கதை முடிஞ்சுது.

ஹாட்ஸ்பாட்டை எப்பவும் சார்ஜ்லயே வச்சுக்கலாமா? பிளைட்ல கொண்டு போலாமா?

வைக்காதீங்க. என்னோட பழைய டப்பா ஒண்ணு ஆறு மாசம் சார்ஜர்லயே கிடந்து பேட்டரி பூரி மாதிரி உப்பிருச்சு, மூடியே திறந்துக்கிச்சு. உப்பினா அதோட விட்டுருங்க, குத்திப் பாக்காதீங்க. கழட்டுற பேட்டரியா, வேற கிடைக்குமான்னு வாங்குறப்பவே கேளுங்க, சில மாடல் பேட்டரி இல்லாம ஆனே ஆகாது.

பிளைட்ல ஹாட்ஸ்பாட்டும் பவர்பேங்கும் கையில வச்சிருக்கிற பையில, செக்-இன்ல போடுற பெட்டியில இல்ல. பவர்பேங்க் 100 வாட்-அவருக்குள்ள இருக்கணும், அது சுமார் 27,000 எம்ஏஎச்.

காஷ்மீர் டூர் போறோம், நம்ம ஊர் சிம் வேலை செய்யுமா?

ப்ரீபெய்டுன்னா செய்யாது. ஜம்மு காஷ்மீர், லடாக் ரெண்டுலயும் வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஓடாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். குடும்பத்துல ஒரு ஆள் நம்பரையாவது கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போஸ்ட்பெய்டா மாத்தி வச்சுக்குங்க. ஸ்ரீநகர்ல இறங்கி லேப்டாப்பைத் திறந்து முழிச்ச ஆளை எனக்கு தெரியும், ஹோட்டல் வைஃபைதான் காப்பாத்துச்சு.

வெளிநாடு போனா?

சிங்கப்பூர், மலேசியா, இலங்கைன்னா நம்ம டப்பாவுல பேண்ட் 3 இருந்தாலே பெரும்பாலும் ஓடிரும், ஏர்போர்ட்லயே அந்த ஊர் சிம் வாங்கிப் போட்டுக்கலாம். அமெரிக்கா போறவங்க நம்ம டப்பாவை நம்பாதீங்க, அங்க 2, 4, 12, 13, 66, 71ன்னு வேற ஒரு உலகம். 3ஜி மட்டும் பிடிக்கிற டப்பாவை எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க, மலேசியாவுல 2021 கடைசியிலயும் அமெரிக்காவுல 2022லயும் 3ஜியை மூடிட்டாங்க. இன்னொண்ணு, இப்ப நிறைய பேர் இ-சிம் (கார்டு இல்லாம கருவிக்குள்ளயே பதியுற சிம்) வாங்குறாங்க, அது போனுக்கு சரி, சாதாரண டாங்கிள்ல இ-சிம் போடுற வசதி இருக்காது.

அங்கேர்ந்து திரும்பி வர்றவங்க சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் அனுப்புற கருவின்னு ஆசைப்பட்டு வாங்கிட்டு வராதீங்க, இந்தியாவுல அனுமதி இல்லாம வச்சிருந்தா ஏர்போர்ட்லயே பிடிப்பாங்க.

ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற பாதுகாப்பான வழி) டாங்கிள்ல மட்டும் நிக்க மாட்டேங்குது, வெளியேர்ந்து என் லேப்டாப்புக்கு ரிமோட்ல வரவும் முடியல.

ரிமோட் வராததுக்கு காரணம், மொபைல் நெட்ல உங்களுக்குன்னு தனி பப்ளிக் ஐபி, அதாவது வெளியேர்ந்து தேடி வர்ற இன்டர்நெட் அட்ரஸ், கிடையாது, ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஐபியை பங்கு போட்டுக்கிறோம், வெளியேர்ந்து கதவைத் தட்டினா யார் வீட்டுக்கதவுன்னு தெரியாது. எனிடெஸ்க்ங்கிற ரிமோட் சாஃப்ட்வேர் மாதிரி ரெண்டு பக்கமும் உள்ளேர்ந்து வெளிய போற ஐட்டம் வேலை செய்யும். விபிஎன் கனெக்ட் ஆகி அப்புறம் எதுவுமே திறக்கலன்னா எம்டியூவை (ஒரு தடவைக்கு அனுப்புற டேட்டா துண்டோட சைஸ்) 1350 கிட்ட குறைச்சுப் பாக்கச் சொல்லி ஆபீஸ் ஐடி ஆளுங்ககிட்ட சொல்லுங்க, பாதி கேஸ் அதுலயே சரியாயிடும்.

வீட்ல பழைய நெட்செட்டர் ஒண்ணு இருக்கு, அதுல புது சிம் போட்டா ஓடுமா?

ஓடாது மாப்ள. போட்டான் ப்ளஸ், எம்பிளேஸ் மாதிரி சிடிஎம்ஏங்கிற பழைய வகை டாங்கிள்னா அந்த நெட்வொர்க்கே இப்ப இல்ல. 3ஜி டாங்கிள்னா, ஏர்டெல் 2020 வாக்குலயே 3ஜியை மூடிடுச்சு, ஜியோவுல ஆரம்பத்துலேர்ந்தே 2ஜியும் 3ஜியும் கிடையாது. எதையாவது பிடிச்சா 2ஜியைப் பிடிக்கும், அதுல கூகுள் பக்கம் திறக்குறதுக்குள்ள டீ ஆறிடும்.

ஆனா தூக்கிப் போடாதீங்க. நிறைய மாடல்ல பக்கவாட்டுல மெமரி கார்டு போடுற ஸ்லாட் ஒண்ணு இருக்கும். என்னோட 2011 டாங்கிள் இன்னும் லேப்டாப் பையிலதான் கிடக்குது, கஸ்டமர் கடை சிசிடிவி கார்டை அதுலதான் போட்டு காப்பி பண்றேன்.